விருந்தாளி இல்லாத வீடு

சூரியன் வந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. எங்கள் கணக்கில் மணி இரண்டு. வேனில் இருந்தவர்களின் கைக்கடிகாரங்களில் எட்டு. நான் எப்போதும் அங்கிருந்துதான் ஆரம்பிப்பேன்.

"எங்க ஊர்ல மணிய சூரியன் வந்ததும் எண்ண ஆரம்பிப்போம்," என்றேன். "நடுராத்திரியில ஆரம்பிச்சா, யாரு முழிச்சிருந்து எண்றது?"

சிரித்தார்கள். எல்லாக் குழுவும் இந்த இடத்தில் சிரிக்கும்.

வேன் நகரத்தை விட்டுத் தெற்கே திரும்பியது. இருபுறமும் மாமரங்கள். பள்ளிக்குப் போகாத பிள்ளைகள் கையசைத்தார்கள். நான் முன் இருக்கையில் திரும்பி உட்கார்ந்து மற்றதைச் சொன்னேன்.

"தான்சானியாங்கறது ஒரு கல்யாணம். எதிர்க்கரையில இருக்கற பெரிய நிலம் மாப்பிள்ளை. இந்த ஸான்ஸிபார் தீவு பொண்ணு. கல்யாணமாகி அறுபது வருஷம் ஆச்சு. அப்பப்ப மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாங்க. ஆனா ஒரே வீடுதான்."

ஓட்டுநர் கோம்போ சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் எங்கள் மொழியில் சொன்னான்: "உன் கல்யாணத்தை விட நல்லாத்தான் போகுது."

"ரோட்டைப் பாரு."

"என்ன சொல்றார்?" என்று கேட்டார் எனக்குப் பின்னால் இருந்த ஹான்னகே.

"ரோடு நல்லாயிருக்குங்கறார்."

ஹான்னகே நெதர்லாந்துக்காரர். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். படம் எடுக்கவில்லை. எதையும் குறித்துக்கொள்ளவும் இல்லை. சொல்வதைக் கேட்டுக்கொண்டு மட்டும் வந்தார். மற்றவர்கள் ஓர் இளம் தம்பதி, இரண்டு மாணவர்கள். அவர்கள் பாதி கேட்டார்கள், பாதி செல்போன் பார்த்தார்கள்.

ஜோஸானிக் காட்டைத் தாண்டியதும் அன்றைய விஷயத்துக்கு வந்தேன்.

"இன்னிக்கு மகுண்டுச்சியில வருஷப் பிறப்பு. ஊர் ரெண்டு பக்கமாப் பிரிஞ்சு வாழைத் தண்டால அடிச்சுக்குவாங்க. போன வருஷத்துப் பகையெல்லாம் அந்த அடியில போயிடணும். அப்புறம் ஓலைக் குடிசை ஒண்ணைக் கொளுத்துவாங்க. அப்புறம் சாப்பாடு."

"நிஜமாவே அடிப்பாங்களா?" என்றான் ஒரு மாணவன்.

"வலிக்கற அளவுக்கு. சாகற அளவுக்கு இல்ல."

"பொம்பளைங்க?"

"நாங்க பாடுவோம். அது இன்னும் வலிக்கும்."

இங்கேயும் சிரித்தார்கள்.

"இன்னொண்ணு. இன்னிக்கு அந்த ஊர்ல எந்த வீடும் விருந்தாளி இல்லாம இருக்கக் கூடாது. விருந்தாளி சாப்பிடாத வீட்டுக்கு அந்த வருஷம் ஆகாதுன்னு நம்பிக்கை. அதனால யாராவது வாங்கன்னு கூப்பிட்டா, மாட்டேன்னு சொல்லாதீங்க. அவங்க உங்களுக்கு உபசாரம் பண்ணல. நீங்கதான் அவங்களுக்கு உதவி பண்றீங்க."

சொல்லும்போதே தெரிந்தது, அது இந்த ஆண்டுக்குப் பொருந்தாது. இரண்டு ஆண்டுக்கு முன் ஊர்ச் சாப்பாடு சாப்பிட்ட ஒரு பயணிக்கு வயிறு கெட்டுவிட்டது. அதிலிருந்து எங்கள் நிறுவனம் எல்லோரையும் கடற்கரை ஹோட்டலுக்குச் சாப்பிட அழைத்துப் போகிறது. மற்ற நிறுவனங்களும் அப்படியே செய்யத் தொடங்கிவிட்டன. ஆனாலும் பேச்சில் அந்தப் பகுதியை நான் எடுக்கவில்லை. எல்லோருக்கும் பிடிக்கும் பகுதி அது.

ஹான்னகே கேட்டார். "பக்கத்து வீட்டுக்காரங்க வந்து சாப்பிட்டா போதாதா?"

"போதாது."

"வெளியூர்ல இருக்கற சொந்தக்காரங்க?"

இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. கொஞ்சம் யோசித்தேன்.

"இன்னிக்கு ராத்திரி வேற இடத்துல போய்த் தூங்கறவங்கதான் விருந்தாளி," என்றேன்.

ஹான்னகே தலையசைத்தார். எனக்கும் அது பிடித்திருந்தது. அடுத்த முறை பேச்சில் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

கோம்போவும் திரும்பிப் பார்த்தான். அவனுக்கு ஆங்கிலம் தெரியாது என்று பயணிகள் நினைப்பார்கள். அவனும் அதைத் திருத்துவதில்லை.

*

நான் பிறந்த ஊர் மகுண்டுச்சி. அப்பா கட்டிய வீட்டில் இப்போது அண்ணன் சிமாயும் அண்ணி ஸுவேனாவும் இருக்கிறார்கள். அண்ணி போன வாரம் போன் செய்தாள்.

"ரிஸிகி, இந்தத் தடவை ஒருத்தரைக் கூட்டிட்டு வந்துடு. யாரா இருந்தாலும் சரி. கறி சாப்பிடாதவங்களா இருந்தாலும் சரி."

"ஹோட்டல்ல சாப்பாடு ஏற்பாடு ஆயிருக்கு அண்ணி."

"அவங்க ஹோட்டல்ல ஆயிரம் தடவை சாப்பிடட்டும். இங்க ஒரு வாய். போன வருஷம் யாரும் வரல. உனக்குத் தெரியும்."

தெரியும். போன வருஷம் அவள் மாலை வரை சமைத்ததை மூடி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். இரண்டு மாதம் கழித்து கடலில் கயிறு கட்டி அவள் வளர்த்த பாசி முழுவதும் நோய் வந்து வெளுத்துக் கயிற்றிலிருந்து உதிர்ந்தது. அதற்கு அடுத்த மாதம் வயிற்றில் இருந்த பிள்ளையும் போனது. விருந்தாளி வராததால்தான் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. ஊரில் எல்லோருக்கும் எண்ணத் தெரியும்.

இப்போது அவளுக்கு ஏழாம் மாதம்.

"கூட்டிட்டு வரேன்," என்றேன்.

எனக்கும் அந்த வீட்டில் ஒரு வேலை இருந்தது. நகரத்தில் நானும் என் மகள் ஷுவேகாவும் இருக்கும் அறையை மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டும். வீட்டுக்காரம்மா அதைப் பயணிகளுக்கு விடப்போகிறாள். சொல்லிவிட்டு, "நீதான் நல்லா சொல்லுவியே, அறையைப் பத்தி ரெண்டு வரி எழுதிக் குடேன்," என்றாள். எழுதிக் கொடுத்தேன். கடற்காற்று வரும் அமைதியான அறை. காலையில் பாங்கொலி கேட்டு எழலாம்.

வேறு அறைகள் பார்த்தேன். எல்லாவற்றிலும் இப்போது பயணிகள் இருந்தார்கள். மிச்சம் அப்பா வீட்டின் பின்னறை. அம்மா இருந்த அறை. அம்மாவுக்குப் பிறகு அண்ணி அதில் பாசி மூட்டைகளை வைக்கிறாள். பாசி காய்ந்த பிறகு ஒரு தூறல் பட்டாலும் வீண். அவளுக்கு வேறு இடம் இல்லை. அதனால் போனில் கேட்க முடியவில்லை. அண்ணனிடம் நேரில்தான் கேட்க வேண்டும், அதுவும் இன்றைக்கு. வாழைத் தண்டால் நாலு அடி வாங்கிய நாளில் அவன் இளகியிருப்பான். சின்ன வயதில் நான் சைக்கிள் கேட்டதும் அப்படி ஒரு நாளில்தான்.

விருந்தாளியை உட்கார வைக்க வேண்டும். அவர் சாப்பிட வேண்டும். அண்ணி முகம் தெளிய வேண்டும். பிறகு கேட்க வேண்டும். இந்த வரிசையில்தான் மனதில் வைத்திருந்தேன்.

*

மைதானத்தைச் சுற்றிக் கூட்டம் நின்றது. பெண்கள் புதுக் கங்காத் துணி சுற்றி, மல்லிகை வைத்து, வரிசையாக ஆடிக்கொண்டே வட்டமாக நகர்ந்தார்கள். நடுவில் ஆண்கள். தென்பக்கத்தார் ஒரு புறம், வடபக்கத்தார் ஒரு புறம். குளிருக்குப் போடும் பழைய கோட்டு, மோட்டார் சைக்கிள் ஹெல்மெட், அடி தாங்குவதற்கு இரண்டு மூன்று சட்டை. ஒருவன் தலையில் அலுமினியச் சட்டி.

"சட்டி போட்டவனே, உன் மூளைக்கு மூடி எதுக்கு? உள்ள என்ன கொதிக்குது?" என்று பெண்கள் பாடினார்கள்.

சட்டிக்காரன் கும்பிடுவது போல் குனிந்தான். அந்தக் குனிவில் முதுகில் ஓர் அடி விழுந்தது.

தண்டுகள் படும்போது தண்ணீர் தெறித்தது. கொஞ்ச நேரத்தில் எல்லோர் மேலும் பச்சைக் கறை. அண்ணன் சிமாய் பெரிய ஆள். மெதுவாகத்தான் நகர்வான். அவன் தேடிப் போனது மீன் சந்தைக்காரன் மக்காமேவை. வலை விஷயமாக இருவருக்கும் ஏதோ இருந்தது. மூன்று அடி கொடுத்தான், நான்கு வாங்கினான். கடைசி அடி தோளில் சட்டைக்கு வெளியே பட்டது. இருவரும் மூச்சு வாங்க நின்றார்கள். பிறகு மக்காமே சிமாயின் காலரைச் சரி செய்துவிட்டான்.

"முடிஞ்சிடுச்சா?" என்று ஹான்னகே கேட்டார்.

"அவங்களுக்குள்ள முடிஞ்சிடுச்சு."

"இதை எங்க பள்ளிக்கூட ஆசிரியர் அறையில வெச்சிருக்கணும்."

நான் சிரித்தேன். அவரை எனக்குப் பிடித்துப்போனது. அந்த நேரத்திலேயே கேட்டேன். "சாப்பாட்டுக்கு ஹோட்டலுக்குப் போகாம எங்க வீட்டுக்கு வரீங்களா? என் அண்ணன் வீடு. அண்ணி சமைச்சிருக்காங்க."

"விருந்தாளியாவா?"

"விருந்தாளியா."

"எனக்குத் தூங்கறதுக்கு வேற இடம் இருக்கு," என்றார் அவர். "தகுதி சரியா இருக்கு."

அப்போது வேலமரத்தடியில் கோம்போவும் அண்ணனும் பேசிக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். அண்ணன் சட்டையைக் கழற்றித் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோம்போ கையை ஆட்டி ஆட்டிப் பேசினான். அண்ணன் கழுத்தைத் திருப்பி என் பக்கம் பார்த்தான். சிரிக்கவில்லை.

கோம்போ திரும்பி வந்ததும் பிடித்துக்கொண்டேன். "என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. ரிஸிகி எப்படி இருக்கான்னு கேட்டான். வீடு தேடிட்டு இருக்கான்னேன். அவ்வளவுதான்."

"யார்கிட்டயும் சொல்லாதேன்னு சொல்லியிருந்தேன்."

"அண்ணன் யாரோ ஒருத்தனா?"

"நான் சொல்லிக்கறேன்னு இருந்தேன் கோம்போ."

"நீ வேன்ல ஒரு நாட்டையே சொல்லிடுவ. உன் விஷயம் மட்டும் வாயில வராது," என்றான். "அதான் நான் கொஞ்சம் தள்ளி விட்டேன்."

குடிசையைக் கொளுத்தினார்கள். சடங்குக்காக முன்பே உள்ளே போய் உட்கார்ந்திருந்த ஒருவர் பின்பக்க ஓலையைப் பிய்த்துக்கொண்டு ஓடி வந்தார். பிள்ளைகள் நெருப்பில் மண்ணை அள்ளி எறிந்தார்கள். வருஷம் எப்படி இருக்கும் என்று அறிய, புகை எந்தத் திசையில் போகிறது என்று பெரியவர்கள் பார்த்தார்கள். காற்று நின்றிருந்தது. புகை நேராக மேலே போனது. நல்லதுதான் என்றார் ஒருவர். அப்படி ஒன்றும் நிச்சயமில்லை என்றார் இன்னொருவர்.

*

வேன் மற்ற நால்வரோடு ஹோட்டலுக்குக் கிளம்ப வேண்டும். கோம்போவை எங்கள் வீட்டு விருந்தாளியாகக் கூப்பிடவும் முடியாது. அவன் வெளியூர், கிஸிம்காஸிக்காரன்தான், ஆனால் தங்கையை இங்கே கொடுத்திருக்கிறான். ஒவ்வொரு வருஷமும் அவள் வீட்டு விருந்தாளி. வந்ததுமே அங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தான்.

நான் ஹான்னகேயோடு ஊருக்குள் நடந்தேன். பலாமரம் தாண்டும்போது போன் அடித்தது. அலுவலகம். மாணவர்களில் ஒருவனுக்குக் கூட்டத்தில் தண்டு பட்டு உதடு கிழிந்துவிட்டது. வேன் இன்னும் மைதானத்திலேயே நிற்கிறது. முதலுதவிப் பெட்டி எங்கே என்று கோம்போவுக்குத் தெரியவில்லை.

பெட்டி என் இருக்கைக்கு அடியில் இருந்தது. சொன்னேன். அவனுக்குக் கிடைக்கவில்லை.

"இந்த மரத்தடியில நில்லுங்க," என்றேன் ஹான்னகேயிடம். "இதோ வந்துடறேன்."

போய், பெட்டியை எடுத்து, உதட்டைத் துடைத்து, அந்தப் பையன் செல்போனில் தன் காயத்தைப் படம் எடுத்து முடிக்கும் வரை நின்று, வேனை அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தேன்.

மரத்தடியில் யாரும் இல்லை.

மரத்துக்கு எதிரே ஹிதாயா அத்தை வீடு. வாசலில் ரப்பர்ச் செருப்புகளுக்கு நடுவே பட்டைகள் வைத்த வெளிநாட்டுச் செருப்பு ஒரு ஜோடி, ஒழுங்காகச் சேர்த்து வைக்கப்பட்டிருந்தது.

உள்ளே ஹான்னகே பாயில் காலை மடக்க முடியாமல் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தார். கை முழுக்கத் தேங்காய்ப்பால் குழம்பு. முன்னால் தட்டில் பேய்க்கணவாய்த் துண்டுகள். சுற்றிலும் ஹிதாயா அத்தையின் மருமகள்கள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வந்துட்டியா ரிஸிகி," என்றாள் அத்தை. "உள்ள வா. என் விருந்தாளி ரெண்டாவது தடவை வாங்கிட்டாங்க."

"அத்தை, அவங்க எங்க வீட்டுக்கு வந்தவங்க."

"உங்க வீடு அந்தப் பக்கம். அவங்க நின்னது என் வாசல்ல."

"மரத்தடியில நின்னாங்க."

"மரம் யாருது?"

என் முகத்தைப் பார்த்துவிட்டு ஹான்னகே கையை எடுத்தார்.

"தப்புப் பண்ணிட்டேனா? இந்த அம்மா கூப்பிட்டாங்க. கூப்பிட்டா மாட்டேன்னு சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

"ஆமா. நான்தான் சொன்னேன்."

"நான் உங்க வீட்டுக்கும் வரேன். இன்னும் கொஞ்சம் சாப்பிட முடியும்."

அத்தைக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் என்ன பேச்சு என்று புரிந்துவிட்டது.

"அதெல்லாம் நடக்காது," என்றாள். "ஒரு வாய் ஒரு வீட்டுக்குத்தான். இவங்க வயித்துல இப்ப இருக்கறது என்னோட வருஷம். அதைத் தூக்கிட்டுப் போய் இன்னொரு வீட்டுல இறக்க விடுவேனா?"

"அண்ணி மாசமா இருக்காங்க அத்தை."

ஹிதாயா அத்தையின் முகம் கொஞ்சம் மாறியது. தட்டில் இன்னொரு துண்டு வைத்தாள்.

"தெரியும்," என்றாள். "தெரியாம இருக்குமா? ஆனா என் மூத்தவன் கடல்ல இருக்கான். நானும் என்ன பண்ண?"

ஹான்னகேயிடம், "நீங்க சாப்பிடுங்க, தப்பு எதுவும் இல்ல," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வேறு பயணி யாராவது கண்ணில் படுவார்களா என்று சந்துகளில் பார்த்துக்கொண்டே நடந்தேன். பெரிய தொப்பி வைத்த ஒருவரைத் தூரத்தில் கண்டு வேகமாகப் போனேன். அவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு பிள்ளைகள், ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். பிற்பகல் அஸர் தொழுகைக்கு இனி அதிக நேரம் இல்லை. விருந்தாளி அதற்குள் சாப்பிட்டாக வேண்டும்.

*

அண்ணி வாசலில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள். என் பின்னால் தெருவைப் பார்த்தாள்.

"எங்க?"

"ஹிதாயா அத்தை."

அவள் கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அவளுக்குப் போன வருஷமும் ரெண்டு பேர்," என்றாள். "அந்தப் பலாமரத்தை எதுக்கு வெட்டாம வெச்சிருக்கான்னு இப்பத்தான் தெரியுது."

"என் தப்புதான் அண்ணி. விட்டுட்டுப் போயிருக்கக் கூடாது."

"யாரை விட்டுட்டு?"

"அவங்களை."

"நான் இந்த வீட்டைன்னு நெனச்சேன்," என்றாள்.

நான் உள்ளே போனேன். வீட்டில் புலாவ் மணத்தது. அதற்கு அடியில் பாசி வாடை இல்லை. அது எப்போதும் இருக்கும். பின்னறைக் கதவு திறந்திருந்தது. மூட்டைகள் இல்லை. தரை கழுவியிருந்தது. அம்மாவின் கயிற்றுக் கட்டில் சுவரோரம் கிடந்தது. அதன் மேல் புது விரிப்பு. விரிப்பின் மேல் மல்லிகைப் பூக்கள். ஜன்னலில் இருந்து கட்டில் வரை வெளிச்சம் வந்து நின்றது. ஷுவேகாவின் பைகளை அந்த மூலையில் வைக்கலாம். அவள் படிக்க ஜன்னல் பக்கம் போதும்.

"மூட்டையெல்லாம் யாரு தூக்கினா?" என்று கேட்டேன்.

"உங்க அண்ணன்தான். காலையில பூரா அதே வேலை. விருந்தாளி சாப்பிட்டுட்டுக் கொஞ்ச நேரம் படுக்கணும்னா?" அண்ணி வாசலிலிருந்தே பேசினாள். "கொல்லையில தார்ப்பாய் போட்டு மூடி வெச்சிருக்கு. நாளைக்கு மறுபடி உள்ள கொண்டு வரணும். மழை வந்தா தாங்காது."

கட்டிலைத் தொட்டுப் பார்த்தேன். கயிறு புதிதாக இழுத்துக் கட்டியிருந்தது.

"நீ சாப்பிட்டியா?" என்றாள் அண்ணி.

"இல்ல."

"எங்கயும்?"

"எங்கயும் சாப்பிடல."

வாளி நகரும் சத்தம் கேட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். கூரையில் சொருகியிருந்த பாயை எடுத்தாள். வண்ண ஓலை முடைந்த புதுப் பாய். நடுவில் விரித்தாள். புலாவ் கொண்டுவந்து வைத்தாள். தேங்காய்ப்பாலில் வேகவைத்த மரவள்ளி. பொரித்த மீன். வட்டமான பெரிய தட்டுகளை ஓலை மூடியால் மூடி வைத்தாள்.

"உக்காரு," என்றாள்.

உட்கார்ந்தேன். பசி. அதைத் தவிர எதுவும் நினைக்கவில்லை.

அவள் உள்ளே போய்க் கூஜாவும் தாம்பாளமும் எடுத்துக்கொண்டு வந்தாள். அம்மாவின் பித்தளைக் கூஜா. அப்போதுதான் புரிந்தது. இந்த வீட்டில் நாங்கள் எல்லோரும் முற்றத்துப் பீப்பாயில் கை கழுவுவோம். வெளியாள் வந்தால் மட்டும் உட்கார்ந்த இடத்தில் கையில் தண்ணீர் ஊற்றுவார்கள்.

"நான் வெளிய போய்க் கழுவிக்கறேன் அண்ணி."

"இன்னிக்கு நீ எழுந்திரிக்கக் கூடாது."

"நான் இந்த வீட்டுல பொறந்தவ."

"தெரியும். உன் தொப்புள்கொடி எந்தத் தென்னைக்கு அடியில இருக்குன்னு கூட எனக்குத் தெரியும். உங்க அம்மா தினமும் காட்டுவாங்க."

"அப்புறம் நான் எப்படி விருந்தாளி?"

"நீயே சொன்னதுதான். ராத்திரி வேற இடத்துல தூங்கறவங்கதான் விருந்தாளியாம். கோம்போ தங்கச்சி வீட்டுல சொல்ல, அவ கிணத்தடியில சொல்ல, ஊரே சொல்லிட்டு இருக்கு." அண்ணி லேசாகச் சிரித்தாள். அன்று அவள் சிரித்தது அது ஒரு தடவைதான். "நல்லாத்தான் சொல்லியிருக்க. நான் அப்பவே யோசிச்சேன். ஒருவேளை யாரும் வரலைன்னா, நீ இருக்கேன்னு."

நான் வீடு தேடுவதைக் கோம்போ அண்ணியிடம் சொல்லவில்லை. அது அவள் முகத்தில் தெரிந்தது.

"நீ நகரத்துக்குப் போறவ. உனக்கு அங்க வீடு இருக்கு," என்றாள். "அது போதும். கையை நீட்டு."

அவளால் குனிய முடியவில்லை. ஒரு கையால் சுவரைப் பிடித்து, மறு கையில் கூஜாவைச் சாய்த்தபடி நின்றாள். அவளுடைய வயிறு என் கண்ணுக்கு நேராக இருந்தது. துணிக்கு அடியில் ஏதோ ஒன்று புரண்டு நின்றது.

கையை நீட்டினால் பின்னறையை இன்று கேட்க முடியாது. நாளையும் முடியாது. விருந்தாளி போன பிறகு வந்து, நான் விருந்தாளி இல்லை என்று சொல்ல முடியாது. நீட்டாவிட்டால், போன வருஷத்துச் சாப்பாடு போல இதுவும் மூடியபடி மாலை வரை இருக்கும். அண்ணி ஒன்றும் சொல்ல மாட்டாள். போன வருஷமும் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு அதில் நம்பிக்கை இருக்கிறதா என்று ஒரு பயணி கேட்டிருக்கிறார். எங்களுக்கு அது பழக்கம், அவ்வளவுதான் என்று சொல்லியிருக்கிறேன். வேனில் சொல்லும்போது அது சரியான பதிலாகத்தான் இருந்தது.

மடியில் இருந்த கையை எடுத்தேன். பாதி நீட்டினேன்.

வாசலில் நிழல் விழுந்தது. அண்ணன் சிமாய் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான். தோள்பட்டையில் வாழைச்சாறு காய்ந்து, அதன் நடுவே நீளமாக ஒரு சிவந்த தடிப்பு.

"விருந்தாளி கெடைச்சாச்சு," என்றாள் அண்ணி, திரும்பாமல். "வெளிய தேடிட்டு இருந்தோம். உள்ளயே இருக்காங்க."

அண்ணன் பாயைப் பார்த்தான். மூடிய தட்டுகளைப் பார்த்தான். கூஜாவைப் பார்த்தான். பின்னறைக் கதவு திறந்திருந்தது. அதன் வழியே கட்டிலும் பூவும் தெரிந்தன. அதையும் பார்த்தான். செருப்பைக் கழற்றவில்லை.

"கொஞ்சம் இரு ஸுவேனா," என்றான். "தண்ணி ஊத்தாத."

அண்ணி கூஜாவை நிமிர்த்திப் பிடித்தாள். அதன் மூக்கிலிருந்து ஒரு துளி தாம்பாளத்தில் விழுந்தது.

அண்ணன் என் எதிரே வந்து குந்தி உட்கார்ந்தான். அவன் மேல் வாழை மட்டையின் ஈர மணம் அடித்தது. என் கையைப் பார்த்தான்.

"ரிஸிகி, இன்னிக்கு ராத்திரி எங்க தூங்கப் போற?"